அந்தோனியாருக்கு ஒரு வாளி

பலாபத்வல
04.05.2025

என் கிருஷாவுக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் செய்தி. நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்.

வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவின் ஒன்பது நாள் நவநாளில், செவ்வாய்க்கிழமை மாலைப் பூசை தமிழில். பாடப்போவது யார்? நாம்தான்! நம்ம கோயில் பாடகர் குழு! இன்று பூசை முடிவில் ஃபாதர் அறிவித்ததும் நான் சந்தோஷத்தில் கீபோர்ட் மேலேயே கையை ஊன்றிவிட்டேன். அது போட்ட சத்தத்தில் முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. இந்திரகுமார் அண்ணனைத் தெரியும்தானே, கையில் கிட்டார் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. கோயில் வாசலிலேயே அந்தோனியாருக்குப் புதுப்பாட்டுக்கு மெட்டுப் போடத் தொடங்கிவிட்டார்.

எனக்குத்தான் பயம். நீ கன்னியர் மடத்துக்குப் போனதும் இந்தக் குழுவை என் தலையில் கட்டினார்கள். பகலெல்லாம் ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காய் எண்ணெய் விற்கிறவளுக்கு இது தேவையா? பாதிப் பேர் கொழும்புக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். குரல் காணாது என்று ஃபாதர் சிங்களக் குழுவிலிருந்து சில பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருக்கிறார். தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அதெல்லாம் சமாளிப்பேன். பதிலுரைப் பாடல்தான் முடியாது. ஒருத்தி தனியாக நின்று பாட, அவ்வளவு சனமும் மறுமொழி பாடவேண்டும். அது உன்னுடைய பாட்டு. ஜன்னலோரத்தில் நீ நிற்கிற இடத்தில் இன்னும் யாரையும் நான் நிற்க விடவில்லை. ஒரே ஒரு மாலை வந்து பாடிவிட்டுப் போ, கிருஷா.

எங்கள் கடிதங்களைப் பொறுப்புச் சிஸ்டர் வாசித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். சிஸ்டர், வணக்கம். தயவுசெய்து விடுங்கள். பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.

உன்
விஜிதா

*

நீர்கொழும்பு
11.05.2025

அன்பு விஜிக்கு,

சிஸ்டர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, “இந்தப் பிள்ளை மூச்சே விடாதா?” என்று கேட்டார். வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டார்.

எனக்கும் குதிக்கவேண்டும் போல்தான் இருந்தது. குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டே உன் செய்தியை மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பலாபத்வல எங்கே இருக்கிறது என்று இப்போது இந்த மடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு உன்மேல் கோபம். பெரிய வியாழனுக்கு எழுதினாயா? பாஸ்குத் திருநாளுக்கு எழுதினாயா? பாட்டு என்றதும்தானே என் ஞாபகம் வந்தது!

அனுமதி கேட்டிருக்கிறேன். பெரிய சிஸ்டர் கொழும்பிலிருந்து வந்துதான் முடிவு சொல்வாராம்.

இன்னொரு விஷயம். ஆகஸ்டில் எங்கள் முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாழ்வோம் என்று பூசையில் வாக்குக் கொடுக்கிற நாள். அதற்கு முன்பு, கடைசிவரை இங்கே இருக்க விருப்பம் என்று நாங்களே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

அம்மாவைப் போய்ப் பார். முழங்கால் வலிக்கு எண்ணெய் கொண்டு போ, காசு வாங்காதே.

அன்புடன்
கிருஷா

*

பலாபத்வல
25.05.2025

என் கிருஷாவுக்கு,

நீ விண்ணப்பம் கொடுக்கவில்லை என்ற வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதே. நான் எதுவும் சொல்லமாட்டேன், சிஸ்டர் வாசிப்பார். ஆனால் மனதுக்குள் ஒரு குத்தாட்டம் போட்டேன்.

இப்போது கூத்தைக் கேள். இந்திரகுமார் அண்ணனின் பாட்டு முடிந்தது. ‘அந்தோனியாரே வாழி, வாழி’ என்று எல்லாரும் சேர்ந்து எடுக்கிற இடம் அப்படியே தூக்குகிறது. புதன்கிழமை பயிற்சி. வெளியே பேய்மழை. நாங்கள் உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறோம், மணி அடிக்கிற சூசை ஐயா தலைதெறிக்க ஓடி வருகிறார், கையில் பிளாஸ்டிக் வாளி!

“எங்க ஒழுகுது? எங்க ஒழுகுது?” என்கிறார்.

“ஒண்ணும் ஒழுகலயே ஐயா.”

“அப்புறம் ஏம்மா எல்லாருமா சேந்து வாளி, வாளின்னு கத்துறீங்க?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சிங்களப் பிள்ளைகளால்தான் வந்த வினை என்று நினைத்து, பல்லேபொலயிலிருந்து வருகிற டிலுக்ஷியைப் பிடித்தேன். “நங்கி, அது வாளி இல்ல, வாளி!” என்றேன். அவள் முழித்தாள். “அக்கே, நீங்க சொல்றதத்தானே நானும் சொல்றேன்?” என்றாள். என் வாயிலும் வாளிதான், கிருஷா! இந்திரகுமார் அண்ணன் வாயிலும் வாளிதான்! தோட்டத்து லயத்தில் ‘வாளப்பளம்’ தின்று வளர்ந்த கூட்டத்துக்கு ழகரம் எங்கிருந்து வரும்? நம்மில் உனக்கு மட்டும்தான் அது வந்தது. உன் ஒருத்தி குரலுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் ஒளிந்திருந்திருக்கிறோம்.

சிரிப்பு அங்கேயே முடிந்திருந்தால் நல்லது. டிலுக்ஷி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் நாக்கை மடித்து மடித்துப் பழகியிருக்கிறாள். இன்று வந்து சுத்தமாக ‘வாழி’ என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில், “அக்கே, நான் பதிலுரைப் பாடல் பாடிப் பாக்கட்டா?” என்று கேட்டுக்கொண்டு போய் உன் இடத்தில் நின்றுவிட்டாள். எனக்கு என்ன ஆனதோ தெரியாது. “அங்க நிக்காத! அது கிருஷாட இடம்!” என்று கத்திவிட்டேன். பிள்ளை அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

நான் செய்தது சரியென்று சொல்லவில்லை. ஆனால் நீதானே வந்து பாடப்போகிறாய்? வருகிறாய்தானே?

உன்
விஜிதா

*

நீர்கொழும்பு
01.06.2025

அன்பு விஜிக்கு,

வாளிக் கதையை இரவுச் சாப்பாட்டில் சிஸ்டரே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பெரிய சிஸ்டருக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்போடேயே அனுமதியும் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் வேன் வஹகோட்டைக்கு வருகிறது. நானும் வருகிறேன்.

ஆனால் பாடமாட்டேன். சனத்தோடு உட்காருவேன்.

கோபப்படாமல் மிச்சத்தையும் வாசி. விண்ணப்பம் எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஜன்னலோரத்தில் அந்த வெற்றிடம் கண்முன் வந்து நிற்கும். விஜி எனக்காக வைத்திருக்கிறாளே, அவளை ஏமாற்றுகிறேனே என்று பேனாவை வைத்துவிடுவேன். ஆண்டவர் கூப்பிடுகிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. உன்னை விடுவதுதான் முடியாமல் இருந்தது. அந்தப் பிள்ளையை நீ விரட்டினாய் என்று வாசித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வராத ஒருத்திக்காக வந்து நிற்கிறவளைத் துரத்தியிருக்கிறாய். அதற்கு நானும்தானே காரணம்?

நேற்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், விஜி. இதை உன்னிடம் மறைக்க விருப்பமில்லை.

டிலுக்ஷியைக் கூப்பிடு. அவள் பாடட்டும். எனக்காகச் செய்.

அன்புடன்
கிருஷா

*

பலாபத்வல
11.06.2025

அன்பின் சிஸ்டர் கிருஷாந்தினிக்கு,

எழுதும்போதே கை கூசுகிறது. பரவாயில்லை, எழுதியாயிற்று.

நீ முன்கூட்டியே சொல்லியும் எனக்குக் கோபம் வந்தது. உன் கடிதத்தைக் கசக்கி ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் எறிந்தேன். மறுநாள் நானே போய்ப் பொறுக்கினேன். இப்போது அதை விரித்தாலே ஏலக்காய் மணக்கிறது. அடுத்த நாள் பஸ் ஏறிப் பல்லேபொலைக்குப் போனேன். டிலுக்ஷியின் அம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். தேத்தண்ணீர் கொடுத்தார், சீனி போடவில்லை. எனக்கு அது தேவைதான்.

“நங்கி, என்மேல கோவமா? பதிலுரைப் பாடல் நீதான் பாடுற” என்றேன்.

“அக்கே, அது கிருஷா அக்காட இடம்தானே?”

“இல்ல. அது பாடுற ஆள்ட இடம்.”

சொல்வது லேசாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

நேற்றைய கதை உனக்கும் தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து கேள். சனத்தைப் பார்த்ததும் நான் மைக் வயரையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாத்தளையிலிருந்து ஸ்பீக்கர் கொண்டு வந்த றிஸ்கான் நானா, “தங்கச்சி, மைக்க நான் பாத்துக்கிறேன், நீங்க பாட்டப் பாருங்க” என்றார். வருகைப் பாடலின் முதல் அடியிலேயே பயம் போய்விட்டது. என்ன சத்தம், கிருஷா! கூரை கிளம்பிவிடும் போல இருந்தது. இந்திரகுமார் அண்ணன் கிட்டாரில் ஒரு நரம்பு அறுந்துகூட நிறுத்தவில்லை.

டிலுக்ஷி எழுந்து போய் மைக்முன் நின்றாள். குரல் நடுங்கவில்லை. நான் கீபோர்டில் இருந்தபடி உன்னைப் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் நான்காவது வரிசை வாங்கில் இருந்தாய். அவள் முதல் அடியை முடித்ததும் மறுமொழிக்காகச் சனம் முழுவதும் வாயைத் திறந்தது. உன் வாயும் அசைந்தது. நான் உன் குரலைத் தேடினேன். இருட்டில்கூட அடையாளம் சொல்லக்கூடிய குரலாயிற்றே. எவ்வளவு கூர்ந்து கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழும் சிங்களமுமாக அத்தனை குரலும் சேர்ந்து ஒரே குரலாகத்தான் கேட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். நம்ம கோயிலில் தனியாகப் பாடி எல்லாரும் பாராட்டின நாட்களில்கூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. அப்போது அழுகை வந்தது. ஒரு கட்டையைத் தவறாக அமுக்கினேன், யாரும் கவனிக்கவில்லை.

வேனடியில் கிடைத்த இரண்டு நிமிஷத்தில் பேச நினைத்ததெல்லாம் மறந்துபோனது. “மெலிஞ்சிட்டடி” என்றேன். “நீ குண்டாயிட்டடி” என்றாய். அது போதும் எனக்கு.

ஆகஸ்டுக்கு இப்போதே பஸ் பேசியாயிற்று. டிலுக்ஷியின் அம்மாவும் வருகிறார். உன் அம்மா முன் சீட்டில், முழங்காலை நீட்டி உட்கார வசதியாக. பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லி வை, வார்த்தைப்பாட்டுப் பூசைக்கு வேறு பாடகர் குழுவைத் தேடவேண்டாம்.

இத்தனை வருஷமும் நீ பாடினாய், நாங்கள் உனக்குப் பின்னால் நின்றோம். அன்றைக்கு நீ பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சும்மா இரு. நாங்கள் உனக்காகப் பாடுகிறோம்.

உன்
விஜிதா