பேட்டைக்குப் போன நாற்காலி

மச்சான்,

செயற்கைக்கால் வந்து இன்றோடு தொண்ணூறு நாள். அதில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை மட்டும் மாட்டினீர்கள், விருந்தாளிகளுக்குக் காட்ட. அப்போதும் உட்கார்ந்தேதான் இருந்தீர்கள்.

சக்கர நாற்காலியைத் தேட வேண்டாம். பேட்டைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். அதில் பழுது ஒன்றும் இல்லை.

மாமியையும் வள்ளியூருக்கு அழைத்துப் போகிறேன். "எம்புள்ள ஏன் எந்திரிக்கணும், நான் இருக்கேம்லா" என்று சாப்பாட்டுத் தட்டை உங்கள் மடியில் வைக்க இன்று ஆள் கிடையாது. இடியாப்பம் அடுக்களையில் இருக்கிறது.

பதினோரு மணிக்கு நடைப்பயிற்சி கொடுக்க ரசீத் வருவார். சாவி அவரிடம் இருக்கிறது. அதுவரை பசித்தால் பசிக்கட்டும், தனியாக எழாதீர்கள்.

நேற்று, "நொண்டிய விட்டுட்டு ஓடலாம்னு பாக்கியா?" என்று கேட்டீர்கள். எனக்கு நேரில் பேச வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

ஷம்ஸியா

மாத்திரை, சாப்பிட்ட பிறகு.

இன்னொன்று. போன மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே, பொய். மாமி அப்படிச் சொல்லச் சொன்னார்கள், நானும் சொன்னேன். பாரம் தாங்காத எலும்பு கரையும். கால் எடுத்த இடது பக்கத்தில், உங்கள் தொடையெலும்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இப்போது விழுந்தால் ஒடியும். ஒடிந்தால் அந்தச் செயற்கைக்காலை இனி மாட்டவே முடியாது.