இந்த வருசக் கன்றுகள்

மார்ச் 9, திங்கள்

வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் செல்லத்துரை அண்ணை என் பக்கத்துக் காணிக்காரர். சண்டையில் ஓடிவந்தபோது என் பசுக்களையும் அவற்றின் மேல் என் குறியைச் சுடும் கம்பியையும் அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். இன்று மத்தியானம் இங்கே லண்டனில், குட்மேய்ஸ் கடையில் நிற்கையில் அவருடைய மகள் அழைத்தாள்.

"மாமா, அப்பா போன கிழமை காலமாயிட்டார். தாயின்ர குறிதான் கன்றுக்குமெண்டு வருசா வருசம் உங்கட குறியைத்தான் சுட்டவர். இப்ப நாப்பது மாடு நிக்குது. இந்த வருசக் கன்றுகளுக்கு ஆருடைய குறி?"

"அப்பாவின்ர குறியையே சுடு பிள்ளை" என்று உடனே சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

படுக்க முடியவில்லை. எழும்பி இந்தத் தாளில் என் குறியைக் கீறினேன்; கை தானாகவே போனது. அண்ணையின் குறி எப்படியிருக்கும் என்று எத்தனை தரம் கீறிப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை.