இரும்புக்கு இட்ட வைக்கோல்

தம்பி,

திரியாயிலிருந்து வந்த சாக்கை இன்று காலை குசினி அடுப்படியில் அவிழ்த்துக் கொட்டினேன். விளாம்பழங்கள் ஒன்றோடொன்று முட்டிய சத்தத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. இறந்தவர்கள் வாசிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் உன்னோடு வாதாடாமல் எதையும் யோசித்துப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

யுத்தம் முடியவில்லை. வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல்களில் இன்னும் கறுப்புத் துணிதான். நீ போனபின் ஒரு மாரியும் கழிந்துவிட்டது.

ஒரே அளவான பழங்களாகப் பொறுக்கி, தேயிலைப் பெட்டிக்குள் யார் அதிகம் அடுக்குவது என்று இருவரும் போட்டி போடுவோம். ஒரு வரிசையின் பள்ளங்களில் அடுத்த வரிசை. மூன்று பழங்களுக்கு நடுவே உள்ள குழியில் மேலடுக்கின் ஒரு பழம். இதைவிட நெருக்கமான அடுக்கை எவரும் காட்டவில்லை, இல்லையென்று நிரூபித்தவரும் இல்லை என்று சென்னையில் படித்ததைச் சொன்னேன். நீ சிரித்தாய்.

"உங்கட கணக்குக்குச் சுவர் இல்லை அக்கா. பெட்டிக்குச் சுவர் இருக்கு. நடுவைப் பார்க்காதேங்கோ, ஓரத்தைப் பாருங்கோ."

உண்மைதான். ஓரத்தில் அரைப் பழத்துக்கு இடம் மிஞ்சும். அந்த இடைவெளியில் அடுக்கு முழுவதும் ஆடும். நான் வரிசைகளைக் குறுக்காகத் திருப்பி, மேலும் ஒரு பழத்தை உள்ளே விட்டுக் காட்டினேன். "இது களவு," என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாய். அப்போது உனக்கு நாற்பது வயது.

துறைமுக வேலைகளை ஒப்பந்தம் எடுத்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் சரக்கு ஏற்றும் மேற்பார்வையில் இருந்தாய். யப்பான்காரனின் குண்டுவீச்சுக்குப் பிறகு, காட்டுப்பக்கம் ஓடித் திரும்பிய சனம் கதவு அடித்தாலும் திடுக்கிட்டது. அந்த நாட்களில்தான் கோட்டைக்குள் துருப்பிடித்துக் கிடந்த பழைய பீரங்கி உருண்டைகளைக் கடற்படைத் துரைமார் கேட்டார்கள். மிதவைகளுக்குப் பாரமாகக் கட்ட வேண்டுமாம். லொறிகள் எல்லாம் வேறு வேலையில். கோட்டையடியில் ஏற்றி, முனையைச் சுற்றிக் கடல்வழியே உள்துறைமுகத்துக்குக் கொண்டுபோகக் காசிம் காக்காவின் சரக்குத் தோணியை, அந்த வத்தையைப் பிடித்தாய். கிண்ணியாக்காரர், மரக்கலம் ஓட்டுவதில் பெயர் பெற்றவர்.

வத்தையின் அடித்தளத்தில் பலகையால் ஒரு பெட்டி கட்டினாய். இரும்பு இரும்பைத் தொட வேண்டும். ஒவ்வோர் உருண்டையும் தன் குழியில் உட்கார்ந்து, ஓரங்களில் ஆப்பு இறுகினால், எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாக நிற்கும். நீ போட்ட திட்டம் அதுதான். முதல் இரண்டு உருண்டைகள் 'டங்' என்று முட்டியதும் கூலியாட்கள் கரைக்கு ஓடிவிட்டார்கள். உள்ளே மருந்து இருக்கிறதாம், முட்டினால் வெடிக்குமாம். வெறும் கட்டி இரும்புதான் என்று ஓர் உருண்டையைச் சுத்தியலால் அடித்துக் காட்டினாயாம். அந்தச் சத்தத்துக்கு மிச்சப் பேரும் ஓடினார்களாம்.

வழி சொன்னவர் காசிம் காக்கா. மூதூரிலிருந்து சட்டிபானை ஏற்றி வரும்போது அடுக்குக்கு அடுக்கு வைக்கோல் போடுவார், ஒன்றும் உடையாது. இரும்புக்கும் அப்படியே போட்டார்கள். சத்தம் இல்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது இதை நீயே சொன்னாய்.

"வைக்கல் போட்டால் குழியில இருக்காதே," என்றேன். "நனைஞ்சு நசிஞ்சால் எல்லாம் ஓடும்."

"தெரியும்."

"பிறகென்ன?"

"ஏத்த ஆக்கள் வேணுமே அக்கா. துரை கரையில நிண்டு கத்துறான்."

"அப்ப நீ ஏறாதே."

"நான் ஏறாட்டி அவங்கள் ஒருத்தரும் ஏறமாட்டாங்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கணக்கு ரீச்சருக்கே பயம் பிடிச்சிட்டுது. கிட்டத்தானே, கச்சான் காத்து எழும்ப முந்திப் போய்ச் சேர்ந்திடுவம்."

விறகுக் கட்டையில் நாலைந்து ஆப்புச் செதுக்கிக்கொண்டு போனாய். சோறு பாதியில் கிடந்தது.

கச்சான் முந்திவிட்டது. முனையைத் தாண்டியதும் கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து பெரிய அலை. அடித்தளத்தில் கசிந்த நீரில் வைக்கோல் நசிந்து, மேலடுக்கு ஒருபக்கம் உருண்டது. அந்தப் பாரத்தில் பெட்டியின் பலகை வெடித்தது. நீ ஆப்புகளோடு கீழே இறங்கினாய். இறங்காதே என்று காசிம் காக்கா கத்தினாராம். வத்தை சரிந்து இரும்போடு தாழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். உன் உடல் கிடைக்கவில்லை. விதி என்றார்கள், கோட்டைப் பாறைக் கோணேசர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நெடுநாள் கழித்துக் காசிம் காக்கா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரீச்சர், நீங்க படிச்ச ஆள். அந்த வைக்கலப் போட்டிருக்கப்படாது, என்ன?"

என்னால் பொய் சொல்ல ஏலவில்லை. "ஓம். போட்டிருக்கக்கூடாது."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தானே சொன்னன், ரீச்சர். நான்தானே சொன்னன்."

"தம்பிக்கும் தெரியும்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "தெரிஞ்சுகொண்டோ ஏறினவர்?"

"ஓம்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

உன் துணிவை ஊர் மெச்சுகிறது. நான் மெச்சவில்லை. அவர்கள் பயந்ததும் நியாயம், நீ அவர்களைத் தனியே அனுப்ப மறுத்ததும் நியாயம். ஆனால் அந்த வத்தையில் இருந்த அத்தனை பேரின் உயிருக்கும் உரிய உண்மையைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, கடலுக்கு அதை எடுத்துப்போகாமல் போனாய். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காசிம் காக்காவுக்குப் பாதியைக் கொடுத்துப் பார்த்தேன். என் பங்கு குறையவில்லை.

அக்கா