எட்டு வயசுப் பாவாடை

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தாயிற்று. விடிந்ததிலிருந்து தூறல். ஹந்தானைப் பக்கம் மலையே இல்லை, எல்லாம் மூடல். துணி காயாது.

செய்ய வேண்டியவை: அம்மாவின் பிரஷர் மாத்திரை. கன்னிக்குப் பாவாடைத் துணி, வளையல், ரிப்பன். குமரேசனுக்குப் பதில்.

இந்தக் குமரேசன் கோத்தகிரியில் லொறி ஓட்டுகிறவன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்களின் பேஸ்புக் பக்கத்தில் அகப்பட்டான். அவன் அம்மாவின் அப்பாவும் என் அம்மாவின் அப்பாவும் அண்ணன் தம்பி. ஹந்தானைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை, அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒற்றைச் சுவர். பெரியவர் குடும்பத்தோடு கப்பலேறினார், எங்கள் தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். இப்போது நானும் அவனும் வம்சக்கொடி வரைகிறோம். அந்தப் பக்கத்துப் பெயர்களை அவன் அனுப்ப, இந்தப் பக்கத்தை நான்.

முதல் நாளே முறை பார்த்தான். "அம்மாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி முறை. அப்ப நீங்க எனக்கு அக்கா. நல்லவேளை, மொறப்பொண்ணுன்னு ஆகல." வாய்க்கொழுப்பு. எனக்கு நாற்பத்தெட்டு. அவனுக்குப் பத்து வயது குறைவு.

இன்றைய கேள்வி: "நீங்க கன்னியா கும்புடுற சித்தி பேரு என்னக்கா? எந்த வயசுல போனாங்க?"

ராசாத்தி. அம்மாவின் தங்கை. எட்டு வயசு. காய்ச்சல். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

கடையில் சனம். பெரஹரா ஊர்வலம் நெருங்குகிறது, வீதியோரம் கம்பு நடுகிறார்கள். நாள் முழுக்க காசுமேசையில் உட்கார்ந்து இடுப்பு போயிற்று.

மாலையில் கடையிலேயே பாவாடைத் துணி பார்த்தேன். கூட வேலை செய்யும் நசீரா ராத்தாதான் வெட்டிக் கொடுத்தார். "எத்தன வயசுக்கு சாந்தி?"

"எட்டு."

"போன வருஷமும் எட்டுதானே?"

"எப்பவும் எட்டுதான் ராத்தா." ஒரு சாண் கூடவே விட்டு வெட்டினார். நல்ல மனுஷி.

மஞ்சள், அரக்குக் கரை. வீட்டிலேயே தைத்துப் பிரம்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மூன்றாம் ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றி, சர்க்கரைப் பொங்கல் படைத்து, அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளை வீட்டைக் காக்கும் என்பது கணக்கு. பழைய பாவாடை ஒழுங்கையில் யாராவது பெண்பிள்ளைக்குப் போகும்.

சின்ன வயதில் அது எனக்குத்தான் வரும். ஒன்பது வயதில் இடுப்பு சேரவில்லை. சித்தியைவிட நான் மூத்தவளாகிவிட்டேன் என்று அழுதது ஞாபகம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி இருக்கும் அறையில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. பயம்தான், வேறென்ன.

அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே: "நேத்தும் கனவுல வந்தா. வாசல்ல நின்னா. உள்ள வரல." வருஷம் தவறாமல் ஆடியில் இதே கனவு.  மாத்திரை போட்டாளா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஜூலை 21, ஞாயிறு

மழை விட்டது. பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கும்போது குமரேசனின் குரல் பதிவு. அவன் அம்மா மாரியாயியிடம் பழைய கதை கேட்டிருக்கிறான்.

"எங்கம்மாவுக்கு எடது காது அறுந்திருக்கும்க்கா. சின்னதுல அக்கா தோட்டப் புடிச்சு இழுத்துட்டான்னு சொல்லும். கொடி வரையும்போதுதான் ஒறைச்சுது. எங்கம்மாதானே அவங்க வீட்டுக்கு மூத்தது. பெறகு எந்த அக்கா? ஒங்க பக்கத்துல யாராச்சுமா?"

ஊசி விரலில் ஏறியது.

ஒவ்வொரு படையலுக்குப் பிறகும் அம்மா அழுதுகொண்டே சொல்வது இதுதான். "எடது காது. தோட்டப் புடிச்சு இழுத்துட்டேன். ரத்தமா கொட்டுச்சு. பாவி நான்." அவள் சொல்வது ராசாத்தியின் காதை. செத்துப்போன ராசாத்தியின் காதை.

படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. சுவெட்டர் போட்ட அறுபது வயது மனுஷி, கையில் தேயிலைக் கூடை. நாடி அப்படியே அம்மாவுடையது.

மாரியாயி பெரியவர் மகள். ராசாத்தி எங்கள் தாத்தா மகள். ரெண்டும் ஒரே வயசு, ஒரே சாடை என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஹந்தானை மண்ணில் கிடப்பது யார்?

ஜூலை 23, செவ்வாய்

அம்மாவிடம் காட்டவில்லை.  கடையில் மிச்சக்காசு மாற்றிக் கொடுத்து ஏச்சு. பெட்டி இருக்கும் அறைக்குள் போகாமல் சீப்பை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வயதில்.

ஜூலை 24, புதன்

காட்டிவிட்டேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனைக் கிட்ட வாங்கிப் பார்த்தாள். நேரமே எடுக்கவில்லை.

"கெழவியாயிட்டாளே," என்றாள்.

தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. கோபத்தில் சுளகை இழுத்துக் கீழே வைத்தேன். பிறகுதான் சொன்னாள்.

"பெரியப்பா பாஸ்போட்டுல மாரியாயி பேரு, படம் எல்லாம் போட்டாச்சு. கப்பலுக்குத் தேதி வந்தாச்சு. அந்த வாரம்தான் காய்ச்சல்ல மாரியாயி செத்தா. செத்தவ பேர வெட்டச் சொல்லித் திரும்ப எழுதிப்போட்டா எத்தன வருஷமோன்னு பெரியப்பாவுக்கு பயம். எங்களுக்கு இங்கயும் பிரஜைன்னு பதிவு இல்ல, அங்கயும் இல்ல. ஒரு புள்ளையாச்சும் ஒரு நாட்டுக்காரியா இருக்கட்டும்னு எங்கப்பா ராசாத்தியக் குடுத்துட்டாரு."

"செத்த புள்ள?"

"செத்தது ராசாத்தின்னு லயம் பூரா சொன்னோம். எங்கம்மா உசுரோட இருக்கிற மக பேரச் சொல்லி மாரடிச்சா. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா என்கிட்ட கற்பூரத்துல சத்தியம் வாங்கினாரு. எனக்கு பதினேழு வயசு."

"பெறகு எதுக்கும்மா படையல்?"

"கோயில்ல சாமி வந்து ஆடினவரு, ஒங்க வீட்டுல ஒரு கன்னி நிக்குது, துணி கேக்குதுன்னுட்டாரு. ராசாத்திக்குன்னு வச்சோம். வேற பேரச் சொல்ல முடியுமா? பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும்."

"இப்ப பக்கத்துக் காம்பரா எங்கம்மா இருக்கு!" கத்திவிட்டேன். டவுனுக்கு வந்து முப்பது வருஷமாகிறது.

"வாய் பழகிருச்சு," என்றாள். சுளகைத் திரும்ப எடுத்துக்கொண்டு: "வாசல்ல நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும் சாந்தி. அதான் மூஞ்சப் பாக்கிறதில்ல."

ஜூலை 28, ஞாயிறு

நல்ல வெயில். யாருக்கு வேண்டும்.

குமரேசனுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். அவன் போய்த் தாயைக் கேட்டிருக்கிறான். அவர் மறுக்கவில்லையாம். "தூரத்து சொந்தம்னு தேடிக்கிட்டிருந்தேன்க்கா, கூடப்பொறந்த பெரியம்மா மக ஆயிட்டீங்க." சிரிக்கப் பார்த்து முடியாமல் அழுதுவிட்டான். இன்று வீடியோ கோல்.

அம்மா புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அதே சுவெட்டர்.

"ராசாத்தி," என்றாள் அம்மா.

பதில் இல்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். குமரேசன், "அம்மா, ஒன்னயத்தான்," என்று தோளைத் தொட்டான்.

"கப்பலேறும்போது பெரியம்மா சொல்லிச்சு, ராசாத்தின்னு யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு. பழகிப்போச்சுக்கா." பிறகு, "பொதச்ச எடத்துல இருந்த பலா மரம் இருக்கா?"

"வெட்டிட்டாங்க. ரோட்டுக்கு."

"எனக்குப் படைக்கிறியாமே?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வருஷம் என்ன கலரு?"

"பச்ச."

"பச்ச எனக்குப் புடிக்கும்," என்றார் சித்தி. அவர் சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோய் அறுந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இனிமே எனக்கு வேணாம்கா. நான் சாகல. நீ கூப்பிடக் கூப்பிட எனக்கு ஆகாது."

அங்கேயும் படையல் உண்டாம். பெரியம்மா சாகும்வரை ஆடியில் ஒரு பாவாடை வைத்துக் கும்பிடுவாராம், வாய் திறக்காமல். யாருக்கு என்று கேட்டால் அடி. எப்படிக் கூப்பிடுவார் பாவம்? மாரியாயி என்றால் வீட்டுக்குள்ளிருந்து வேறொருத்தி வந்து நிற்பாளே.

ஆக, இங்கே வேறு பெயர். அங்கே பெயரே இல்லை. செத்த பிள்ளையை இரண்டு ஊரிலும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எட்டு வயசுப் பிள்ளை. நினைக்கவே தாங்கவில்லை. இத்தனை காலம் அதற்குப் பயந்து கிடந்தேன்.

ஜூலை 31, புதன்

அம்மா சாப்பிடவில்லை. பாவாடைக்கு நாடா கோத்துவிட்டேன். "கூப்பிட்டு வரலன்னா?" என்கிறாள். "வந்து, இத்தன நாளு எங்க இருந்தீங்கன்னு கேட்டா?" என்கிறாள்.  பிரஷர் கூடியிருக்கிறது. நானே கூப்பிடட்டுமா என்றேன். கூடாதாம். அவளைத் தெரிந்தவர்கள்தான் கூப்பிட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

லீவு. காலையில் தூறல், பிறகு வெளிச்சம். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

சித்தி பார்க்க வேண்டும் என்றார். குமரேசன் அங்கிருந்து வீடியோ கோல் போட, போனை அலுமாரிமேல் சாய்த்து வைத்தேன். மஞ்சள் பாவாடை, வளையல், ரிப்பன். முன்வாசலைத் திறந்துவைக்கச் சொன்னாள் அம்மா. வழக்கமாக அது சாத்தித்தான் இருக்கும்.

விளக்கு. கற்பூரம். அம்மாவின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "ரா" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள், நேருக்கு நேர்.

"மாரியாயி. வாடி. உள்ள வா."

"இந்தா, வந்துட்டேன்."

போனிலிருந்துதான். ஐம்பது வருஷமாக அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்த வாய், தன்னை மறந்து சொல்லிவிட்டது.  அம்மா வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திரையில் சித்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்து, மெதுவாக:

"அக்கா, இன்னொருக்கா கூப்பிடு. நான் பேசாம இருக்கேன்."

அம்மா கூப்பிட்டாள்.