கால் விரிந்த குஞ்சுகள்

ஜூன் 3

சின்னிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லாரும் நலம். நீ போய் எட்டு மாதத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபம் தீர்ந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்காதே. இருநூறு காடைக்குஞ்சுகளைக் குளிரில் சாகவிட்டவள்மேல் கோபம் எப்படித் தீரும்? பெட்டியில் பல்பு அணைந்தது கூடத் தெரியாமல் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாய், மகராசி. நான் வந்து மூடியைத் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் குவிந்து கிடந்தன.

சரி, அது கிடக்கட்டும். இப்போது பொரிக்கிற குஞ்சுகளில் பாதி நிற்கவே மாட்டேன் என்கின்றன. கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து, தவளை மாதிரி தரையோடு தரையாகக் கிடக்கின்றன. முன்பு நீதான் அப்படிப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு போய் நாலே நாளில் ஓடவிடுவாய். "என்னடி மாயம் பண்றே?" என்று கேட்டால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. போன் பண்ணாதே. உன் பேரைக் கேட்டாலே உன் அத்தான் எழுந்து போய்விடுகிறார்.

குஞ்சுகள் தேறினால், நீ திரும்பி வருவதைப் பற்றி அவரிடம் மெல்லப் பேசிப்பார்க்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 9

என் அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அறையில் இருக்கும் மூன்று பேரும் யாரோ செத்துப்போனார்கள் என்று பதறிப்போனார்கள். "சாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்க அக்கா எழுதியிருக்கா!" என்றேன்.

முதலில், பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் போட்டிருக்கிறாயா? எடுத்துக் கடாசு. அது வழுக்கும், காலை ஊன்ற முடியாது. பழைய துண்டு ஒன்றை விரி. விரிந்த காலுக்கு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை நூல்போல மெல்லிசாக வெட்டி, இரண்டு காலையும் சேர்த்து ஒட்டு. நடுவில் உன் சுண்டுவிரல் நகத்தளவு இடம் இருக்கட்டும். இறுக்கிவிடாதே, கால் வீங்கிவிடும். மூன்றாம் நாள் வெந்நீரில் நனைத்துப் பிரி. பிறந்த அன்றே செய்யவேண்டும். இரண்டு நாள் தள்ளினால் எலும்பு அப்படியே நின்றுவிடும்.

நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ரத்தக்கறைப் போர்வைகளைப் பிரிப்பதுதான் வேலை. சோப்புத் தூளில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் அக்கா, வீட்டுக்கு வரவேண்டும். அந்த ஒயரை அன்றைக்கு நான் தொடவே இல்லை. பல்பு எப்படி அணைந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தான். மன்னித்துவிடு.

உன் சின்னி


ஜூன் 28

சின்னிக்கு,

பிளாஸ்டர் போட்டதில் முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டன. உன் அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அதிசயம்.

ஆனால் வேறு சில இருக்கின்றன. காலில் கோளாறு இல்லை, தலை மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. தீனியைப் பார்த்தால் அதன்மேலேயே தூங்கிவிடுகின்றன. தண்ணீர்த் தட்டில் மூக்கை விட்டு அப்படியே மூழ்கிச் சாகின்றன. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். இவற்றுக்கு என்ன செய்வாய்? ஒளித்து வைக்காதே.

உன் விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தாயா?

அக்கா


ஜூலை 4

அன்பு அக்காவுக்கு,

உன்னிடம் ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது?

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளை நிரப்பிவிடு. இடுக்கில் மூக்கு போகும், தலை போகாது. தலை தொங்குகிறதைத் தனியாக எடுத்து, டீக் கப்பில் மெல்லிய தாளை மெத்தையாக வைத்து உட்கார்த்து. சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை விரல் நுனியில் எடுத்து அலகின் ஓரத்தில் தொட்டு வை. வாய்க்குள் ஊற்றாதே, புரையேறிவிடும். நன்றாக இருக்கும் குஞ்சு ஒன்றைத் துணைக்கு விட்டு, தீனியை விரலால் தட்டிக்கொண்டே இரு. அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும். ஒரு குஞ்சுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் நான். எனக்கு அதில் அலுப்பே வந்ததில்லை.

அத்தான் "பார்க்கலாம்" என்றதை வைத்துக்கொண்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக மேற்பார்வைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் கட்டிலைக்கூட வேறொருத்திக்குப் பேசிவிட்டார்கள். எந்தத் தேதியில் வரட்டும்? வாசலில் வந்து நின்றால் "யாருடி நீ?" என்று கேட்டுவிடாதே!

உன் சின்னி


ஜூலை 27

சின்னிக்கு,

நீ சொன்னதெல்லாம் பலித்துவிட்டது. இந்தத் தடவை கிட்டத்தட்ட எல்லாமே நிற்கின்றன. எதிர்வீட்டு மருமகளை வேலைக்கு வைத்திருக்கிறேன். உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன், கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்டர் வெட்டுவதில் உன்னையே மிஞ்சிவிடுவாள்.

அதனால் நீ வரவேண்டிய அவசியம் இல்லை. யாரைக் கேட்டு வேலையை விட்டாய்? நான் வா என்று எழுதினேனா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. அன்றைக்குப் பல்பு ஒயரைப் பிடுங்கியது உன் அத்தான்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டுத் திரும்பச் சொருக மறந்துவிட்டார். அந்த வாரமே எனக்குத் தெரியும். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? புருஷனையா வெளியே அனுப்ப முடியும்? பழியை நீ சுமந்தாய், வீட்டில் சண்டை ஓய்ந்தது. இப்போது நீ வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். நீ தனிக்கட்டை, எங்கேயும் பிழைத்துக்கொள்வாய்.

ஒரே ஒரு சந்தேகம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆண் காடைகளைத் தூரத்துப் பண்ணையில் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டு வருவாயே, அது எதற்கு? நீ போனபிறகு நாங்கள் மாற்றவில்லை. வீண் அலைச்சல் என்கிறார் அவர். அதற்கு மட்டும் பதில் போடு. அப்புறம் எழுத வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

மாற்றத்தான் வேண்டும். ஒரே கூட்டில் பிறந்ததையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் குஞ்சுகள் பலமில்லாமல்தான் பிறக்கும். நான் வந்த இந்தப் பத்து மாதம் என்பது காடைக்கு நாலு தலைமுறை. உன் பெட்டியில் இத்தனை குஞ்சுகள் கால் விரிந்து கிடப்பது அதனால்தான். நீ இப்போது கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது. இன்னும் இரண்டு மூன்று பொரிப்பு போனால் பிளாஸ்டரும் டீக் கப்பும் ஒன்றும் செய்யாது. முட்டைக்குள்ளேயே சாகும். உடனே மாற்று

எழுதிக்கொண்டு வந்த கை நின்றுவிட்டது அக்கா. பத்து மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த இருநூறையும் நினைத்து அழுதேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் வைத்தியம் கேட்டிருக்கிறாய். உன்மேல் எனக்கு வருவது கோபம் இல்லை, வெறுப்பு. குஞ்சுகள் பாவம்தான், அவை என்ன செய்தன? நான்தான் என்ன செய்தேன்?

இதைத் தபாலில் போடமாட்டேன். வேறு எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொல்வதும் நியாயம்தான். நான் எப்படியாவது பிழைத்துக்கொள்வேன்.

ஆண் காடைகளை மாற்றவே வேண்டாம். வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், ஒருநாள் வெளியே போய்வர நான் சொன்ன சாக்கு அது. வெளியிலிருந்து வரும் பறவையால் நோய்தான் வரும். நம் கூட்டில் பிறந்ததிலேயே வாட்டசாட்டமாக இருப்பதைப் பார்த்து வைத்துக்கொள். அத்தான் சொல்வதுதான் சரி. நான் சொன்னேன் என்று அவரிடமும் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் சின்னி