எட்டு எண்ணும் வரை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால் நீதான் எழுத வேண்டும். போனில் பேசினால் உனக்குக் கேட்காது. எனக்கோ கத்திப் பேச வராது.

உன் அக்கா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நிறம், மணம், கலங்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது என்னையே ஒரு குடுவையில் எடுத்துப் பார்த்தால் நிறம் இல்லை, மணம் இல்லை, கலங்கலும் இல்லை. குடிக்கத் தகுந்தது என்று எழுதிவிடலாம். இன்னும் நான் அழவில்லை. அது சரியா தவறா என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு விஷயம். டிவி கம்பெனிப் பையன் போன் செய்து, விளையாட்டுச் சேனல் இனி வேண்டுமா என்று கேட்டான். நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. அவனே, "அடுத்த மாசம் கொக்கு சண்டை இருக்கே சார், அதைப் பாத்துட்டு நிறுத்திக்கலாமே" என்றான். கொக்கு என்ற குத்துச்சண்டைக்காரன் உன் அக்காவுக்குப் பிடித்தவன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீளக் கழுத்து, நீளக் கை. அவன் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். தினமும் சட்டை எடுக்கும்போது பார்க்கிறேன். அவனிடம் அவள் என்ன கண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. அந்தச் சண்டையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருவாயா?

எல்லாம் முடிந்த அன்று வாசலில் நின்று, "அக்காவே போயாச்சு, இனி உங்களுக்கும் எனக்கும் என்ன இருக்கு" என்றாய். அது நினைவிருந்தும்தான் கேட்கிறேன். கேட்பது அதிகப்படி என்றால் மன்னித்துவிடு.

உன்,
அத்தான்


ஜனவரி 15

அத்தான்,

கடுதாசி கிடைச்சுது. நான் சண்டை பாக்குறதையே விட்டாச்சு. டிவி மேல சாக்கைப் போட்டு மூடி வெச்சிருக்கேன். பட்டறையில தகரம் தட்டுறேன், வந்து படுக்குறேன். அவ்வளவுதான் இங்க சேதி.

நீங்க இப்ப எதுக்குப் பாக்கணும்? அக்கா டிவி போட்டதும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிற ஆளு நீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துல உக்காந்திருப்பீங்களா? அன்னைக்கு வீடே அழுதுக்கிட்டு இருந்தது. நீங்க வாசல்ல குனிஞ்சு, வந்தவங்க செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. அதைப் பாத்துதான் அப்படிச் சொன்னேன். சொன்னது தப்புன்னு இன்னும் தோணல.

கொக்கைப் பத்தி வேற யாரையாவது கேட்டுக்குங்க.

தம்பி


ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு அடுக்கியது உண்மைதான். ஒரே மாதிரிப் பழுப்புச் செருப்பு இரண்டு ஜோடி மாறிக் கிடந்தன. அதைச் சரிசெய்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும் என்று நினைத்தேன். கதவும் உண்மைதான். ரத்தம் என்னால் பார்க்க முடியாது. அவள் எனக்காக டிவிச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

வேறு யாரையும் கேட்க முடியாது தம்பி. அவளோடு சண்டை பார்த்தவன் நீ ஒருவன்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவள் டிவி பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் போன் ஒரு தடவை அடித்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தடவை அடித்து நிற்கும். லைனில் கோளாறு என்று நான் இரண்டு முறை புகார் எழுதிப் போட்டேன். ஆள் வந்து கம்பம் வரை ஏறிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றான். உன் அக்கா அவனுக்குக் காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் போனதிலிருந்து லைன் சரியாகிவிட்டது. அப்படியென்றால் அந்தக் கோளாறு நீதானா?

உன்,
அத்தான்


ஜனவரி 29

அத்தான்,

கம்பத்துல ஆள் ஏறின கதையை அக்கா அப்பவே எழுதிடுச்சு. ரெண்டு நாள் பட்டறையில சிரிச்சுக்கிட்டே தகரம் தட்டினேன். நீங்க மறுபடி சொன்னதும் இப்பவும் சிரிப்பு வந்துருச்சு. வந்திருக்கக் கூடாது, வந்துருச்சு.

ஆமா, கோளாறு நான்தான். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் ஒரு நிமிஷம் இடைவேளை. அதுக்குள்ள ரவுண்டு யாருக்குன்னு தீர்ப்பு சொல்லணும். ஒரு மணி அடிச்சா அக்காவோட ஆளு, ரெண்டுன்னா எதிராளி. எடுக்கக் கூடாது. எனக்குத்தான் காது கேக்காதே, செல்போன் சட்டைப்பையில அதிரும், எண்ணிக்குவேன்.

சின்ன வயசுல எங்கப்பா எங்களைக் கூடாரத்துச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போவார். என் ஆளு தச்சர். பகல்ல மரவேலை, சாயங்காலம் குத்துச்சண்டை. அவரை மாதிரி ஒருத்தன் இன்னைக்கு வரைக்கும் வரல. விழுந்தா நடுவர் ரெண்டு எண்ணுறதுக்குள்ள துள்ளி எழுந்துடுவார். கூடாரமே விசிலடிக்கும். அக்காவுக்கு மட்டும் பிடிக்காது. "தலை இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள எதுக்குடா எழுந்திருக்கிறார், யாருக்குக் காட்டணும்?" அப்படின்னு கேக்கும். அப்படித்தான் ஒரு நாள் ரெண்டுல எழுந்து, எழுந்த வேகத்துல அடுத்த குத்தை வாங்கினார். அப்புறம் அவர் கையால ஒரு ஆணி அடிக்க முடியல.

கொக்கு அப்படி இல்ல. விழுந்தா ஒரு முட்டியை ஊனிக்கிட்டு, நடுவரோட விரலையே பாத்துக்கிட்டு இருப்பான். ஜனம் கத்தும், திட்டும். அசைய மாட்டான். பத்து எண்ணினா ஆட்டம் முடிஞ்சுது, அதனால எட்டு வரைக்கும் அப்படியே இருந்துட்டு, எட்டுல எழுந்திருப்பான். அக்காவுக்கு அவனைப் பிடிச்சது அதுக்குத்தான். ஒரு தடவை எழுதுச்சு: "உங்க அத்தானும் இந்த ஜாதிதான்டா. ஜனம் கல்லுன்னு நினைச்சுக்கும். உள்ள எண்ணிக்கிட்டு இருப்பார்."

இதை உங்களுக்கு எழுத வேண்டாம்னுதான் இருந்தேன்.

சண்டை பிப்ரவரி எட்டு, ஞாயிறு, பகல் பதினோரு மணி. பத்து ரவுண்டு. நான் பாக்க மாட்டேன். நீங்க வேணும்னா அடிங்க.

தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது, சத்தம் அவள் வைத்தபடி நிறுத்தியே இருந்தது. அவள் நாற்காலியில் உட்காரத் தயங்கி, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன்.

என் தீர்ப்புகள் உனக்கு வந்திருக்கும். நாலாவது ரவுண்டுக்கு வரவில்லை. யாருக்கு என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த ரவுண்டு ஆரம்பித்துவிட்டது. ஐந்தில் கொக்கின் புருவம் கிழிந்தது. அலமாரியைப் பார்த்தேன், பிறகு மறுபடி டிவியைப் பார்த்தேன். ஏழாவது ரவுண்டை எதிராளிக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் ஆளுக்கு எதிராக இரண்டு மணி அடிக்கும்போது அவள் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கண்டதைத்தான் எழுத வேண்டும்.

ஒன்பது முடிந்து இரண்டாவது மணி அடிக்கும்போது நீ எடுத்துவிட்டாய். எடுக்கக் கூடாது என்று எழுதியவன் நீ. என்ன செய்வது என்று தெரியாமல் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். உன் டிவியின் இரைச்சல் கேட்டது. இங்கே படம் ஊமையாக ஓடியது, சத்தம் உன் வீட்டிலிருந்து வந்தது. உன் டிவி என்னுடையதைவிட ஒரு நொடி முந்துகிறது. பத்தாவது ரவுண்டில் கூட்டம் 'ஓ'வென்று கத்துவதைக் கேட்டேன், என் டிவியில் கொக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தான். பிறகுதான் விழுந்தான்.

சாக்கை எடுத்துவிட்டாய் என்று தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன்,
அத்தான்


பிப்ரவரி 14

அத்தான்,

ஏழாவது ரவுண்டை அந்த எதிராளிப் பொடியனுக்குக் கொடுத்தீங்களே, அக்கா இருந்திருந்தா அன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடைச்சிருக்காது. ஆனா தீர்ப்பு சரி. நானும் அவனுக்குத்தான் போட்டேன்.

கடைசி ரவுண்டுக்கு மட்டும் நாங்க போனை எடுப்போம். வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல. எங்க ரெண்டு பேருக்குள்ள அது ஒண்ணாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். பேச மாட்டோம். எனக்குக் கேக்காது, என் டிவி தெருமுனை வரைக்கும் கேக்கும். போனை டிவிகிட்ட பிடிப்பேன், அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கடைசி ரவுண்டைப் பாக்கும். உங்க ரூமுக்கும் சத்தம் வராது. அன்னைக்கும் பையில ரெண்டு தடவை அதிர்ந்ததும் கை தானா எடுத்துருச்சு.

கொக்கு விழுந்ததும் போனை எனக்குக் கொஞ்சமாவது கேக்குற காதுல வெச்சேன். நீங்க ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தீங்க. குரல்னு தெரிஞ்சுது, வார்த்தை பிடிபடல. சண்டை முடிஞ்சு டிவியில விளம்பரம் வந்தப்புறமும் நீங்க நிறுத்தல. அப்புறம் வேற மாதிரி ஒரு சத்தம். நான் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன்.

என்ன சொன்னீங்க அத்தான்? எழுதுங்க.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் முட்டியை ஊன்றி நடுவரின் விரல்களைப் பார்த்தான். நடுவரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். எட்டில் கையுறையைத் தரையில் ஊன்றி எழப்போனான். முட்டி கொஞ்சம் மேலே வந்து, திரும்பத் தரைக்கே போய்விட்டது. பத்தில் நடுவர் கைகளை ஆட்டினார். அவர் நிறுத்திவிட்டார், எனக்கு நிறுத்த வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தேன். படத்தில் அவனைத் தூக்கி முக்காலியில் உட்காரவைத்தார்கள், யாரோ அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு நீ கேட்ட அந்தச் சத்தம் வந்தது. அது எந்த எண்ணில் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சேனலை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஒரு சண்டை இருக்கிறதாம். இருவரையும் எனக்குத் தெரியாது. ஒரு மணி அடித்தால் யார், இரண்டு அடித்தால் யார் என்று பார்த்து எழுது. கடைசி ரவுண்டுக்கு நீ அடி, நான் எடுக்கிறேன். நீ பேசலாம். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன்,
அத்தான்