சிவப்பு அட்டையை ஒப்படைத்த பிறகு

பெல்டன், ஒஹாயோ
செவ்வாய்க்கிழமை, 18 ஜூன் 2019

அன்புள்ள நோரீனுக்கு,

இங்கு நலம். ஃபோர்ட் வேனில் நீயும் உன் அக்கா லவோனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தேதி காலை நீ புறப்பட்டபோது, திரும்பும் நாளைக் குறிப்பிடவில்லை. நாள்காட்டியில் எழுதிவைக்க எனக்கு ஒரு தேதி தேவைப்படுகிறது.

தக்காளிச் செடிகளுக்கு நேற்று நண்பகலில் நீர் ஊற்றினேன். அடுத்த வீட்டு வெர்ன் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, "என்னப்பா எல்டன், பொன்விழா முடிஞ்ச கையோட பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தான். லவோனுக்கு உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் தொலைபேசியில் பேசினால் நீயும் அவ்வாறே சொல்வது நல்லது.

வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி கேளிக்கைப் பூங்காவில் நிகழ்ந்ததைப் பற்றி நீ ஒருபக்கமாக முடிவு செய்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். 'வாடைக்காற்று' ரோலர் கோஸ்டரின் வாசல் பலகை, காத்திருக்கும் நேரம் அறுபது நிமிடம் என்று காட்டியது. பதினொரு கோடைகளாக நான் அந்த வரிசைகளில் நிறுத்துக்கடிகாரத்துடன் நின்றிருக்கிறேன் என்பதை நீ அறிவாய். பூங்காக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் காட்டுவார்கள். சொன்னதைவிட முன்னதாக ஏறிவிட்டவன் மகிழ்ச்சியோடு போவான் என்பது அவர்கள் கணிப்பு. பலகையில் அறுபது என்றால் நிஜத்தில் நாற்பது. முதலில் கழிவறைக்குப் போய்வரலாமா என்று நீ கேட்டபோது, நாற்பது நிமிடந்தானே, தேவையில்லை என்று நான் சொன்னது பிடிவாதத்தால் அல்ல, சராசரியை நம்பித்தான். நடுவில் யாரோ ஒருவர் பெட்டியில் வாந்தி எடுப்பார், கழுவி முடிக்கும்வரை வண்டியை நிறுத்துவார்கள் என்பதை எந்தச் சராசரியும் முன்கூட்டிச் சொல்லாது.

அடுத்தது சிவப்பு அட்டை. உள்ளே நுழையும் நேரத்தை அதில் குறித்து, வரிசையில் யாராவது ஒருவர் கழுத்தில் நுழைவாயிலிலேயே மாட்டிவிடுவார்கள். அவர் ஏறும் இடத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். அதை வைத்துத்தான் பலகையில் நேரத்தை மாற்றுகிறார்கள். அட்டைக்காரர் வரிசையை விட்டு வெளியேறினால் அந்த அளவீடு வீண். பதினொரு ஆண்டுகளில் அன்றுதான் அது முதன்முறையாக எனக்குக் கிடைத்தது. வெளியே போய்விடலாம் என்று நீ சொன்னபோது நான் தயங்கியதற்குக் காரணம் இதுவே.

அந்தச் சிறு விபத்துக்குப் பிறகு, அட்டையை ஒப்படைத்துவிட்டு வெளிவழியைக் கண்டுபிடித்து உன்னிடம் வந்து சேரச் சற்றுத் தாமதமாயிற்று. நடந்தது வருந்தத்தக்கது.

உன் கணவன்,
எல்டன் ஷ்ராக்

பின்குறிப்பு: உன் சாம்பல் நிறக் காற்சட்டையைத் துவைத்துவிட்டேன். இரண்டு முறை.


ஃபோர்ட் வேன்
வியாழன், ஜூன் 21

எல்டன்,

உன் கடிதம் வந்தது. லவோனுக்குப் படித்துக் காட்டினேன். "இது புருஷன் எழுதின கடுதாசியா, வானிலை அறிக்கையா?" என்று கேட்டாள். அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அவளை நோயாளியாக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐம்பதாவது திருமண நாளில், அத்தனை பேர் நடுவில், நின்ற இடத்திலேயே எனக்குச் சிறுநீர் போய்விட்டது. அதைச் சிறு விபத்து என்று எழுதாதே. மூன்று முறை உன்னிடம் கேட்டேன். நீ மூன்று முறையும் கடிகாரத்தைப் பார்த்தாய். அன்றைக்கு நான் ஆசைப்பட்டது ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலை உன்னோடு சாப்பிட வேண்டும் என்பது மட்டுமே. "முதல்ல ஒரே ஒரு தடவை வாடைக்காத்து" என்றாய். சரி என்று வந்தேன்.

துணி நனைந்ததைக்கூட விட்டுவிடுகிறேன். வயதான உடம்பு, யாருக்கும் நேரும். நான் கேட்பது வேறு. பின்னால் நின்ற அந்தப் பெண் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் இடுப்பில் கட்டி, பக்கக் கதவு வழியாக என்னை அழைத்துப் போனாள். நீ பின்னாலேயே வருகிறாய் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பெஞ்சில்தான் கடைசியில் போய் உட்கார்ந்தேன், ஈரத்தோடு. நீ எங்கே இருந்தாய்? ஓர் அட்டையைக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

உண்மையைச் சொல். பிறகு பார்க்கலாம்.

நோரீன்

தக்காளிக்குச் சாயங்காலம் ஊற்று. உச்சிவெயிலில் ஊற்றினால் இலை கருகும்.


பெல்டன், ஒஹாயோ
செவ்வாய்க்கிழமை, 25 ஜூன் 2019

அன்புள்ள நோரீனுக்கு,

உன் கடிதம் நேற்று, திங்கள் 24ஆம் தேதி கிடைத்தது. அதில் வியாழன், ஜூன் 21 என்றிருக்கிறது. 21 வெள்ளிக்கிழமை. இதைக் குறிப்பிடக் கூடாது என்று உறுதியோடுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன். ஐம்பது ஆண்டுகளாக நீ எத்தகையவனோடு வாழ்ந்திருக்கிறாய் என்பதற்கு அதுவும் சான்றாக இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அட்டையை ஒப்படைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அதன் பிறகு நான் வண்டியில் ஏறினேன்.

நடந்ததை அதே வரிசையில் சொல்கிறேன். நீ அழத் தொடங்கியபோது, பின்னால் நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஐயா, உங்க வீட்டம்மா அழறாங்க. அட்டையைப் பிடிச்சுக்கிட்டு அங்க என்ன வேடிக்கை பார்க்குறீங்க?" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அப்போது முன்னால் வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னே ஓர் இடைவெளி உண்டாயிற்று. நான் நகர்ந்து அதை நிரப்பினேன். உன் பக்கம் வருவதற்கும் அதே தூரந்தான் இருந்தது.

ஏறும் இடத்தில் ஓர் இளம்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, தொண்ணூத்தஞ்சு நிமிஷமா! உங்க பொறுமைக்கு ஒரு பரிசே கொடுக்கலாம், தாத்தா" என்றாள். பிறகு எல்லோரிடமும் கேட்பதுபோல், "எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"ஒருத்தர்" என்று சொன்னேன்.

குழப்பத்தில் சொன்னேன் என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அது பொய். உன்னோடு அந்தப் பக்கக் கதவு வழியாக நடந்திருந்தால், நான் உன்னைச் சேர்ந்தவன் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருக்கும். அது தெரியக் கூடாது என்று நினைத்தேன். நோரீன், இதை எழுதும்போது என் காது சுடுகிறது. நான் ஒதுங்கி நிற்கும்படியான அவமானம் உன்னிடம் ஏதும் இருக்கவில்லை. இருந்தது முழுவதும் என்னுடையது.

இறங்கி வரும் வழியில், வண்டி பாயும்போது எடுத்த படங்களைத் திரையில் காட்டுகிறார்கள் அல்லவா? அதில் நான் இருந்தேன். எல்லோரும் கைகளைத் தூக்கிக் கத்திக்கொண்டிருக்க, நான் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. திரையில் அடுத்த படம் வரும்வரை அங்கேயே நின்றேன்.

வெளியே வந்தபோது பலகையில் தொண்ணூற்றைந்து என்று மாறியிருந்தது. ஒரு குடும்பம் அதைப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சா! ஆளை விடு சாமி" என்று திரும்பிப் போயிற்று. ஆனால் வண்டி மறுபடி ஓடத் தொடங்கி, வரிசை அதற்குள் பாதியாகக் குறைந்திருந்தது. அவர்கள் நுழைந்திருந்தால் அரை மணியில் ஏறியிருப்பார்கள். பதினொரு ஆண்டுகளில் இது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பலகை உள்ளே போகிறவனுக்கு ஆகப்போகும் நேரத்தைச் சொல்வதில்லை, முன்னால் போனவனுக்கு ஆன நேரத்தைச் சொல்கிறது. என் சராசரியும் அவ்வளவுதான். உன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது உனக்கு மட்டுமே தெரியும். நீ அதை மூன்று முறை சொன்னாய், மூன்று முறையும் சரியாகச் சொன்னாய்.

உனக்கு ஸ்வெட்டர் கொடுத்த பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. நான் ஏறிய பெட்டியின் எண் ஏழு என்று தெரியும். அவள் பெயர் தெரியாது. நீ கேட்டிருப்பாய். முகவரி இருந்தால் எழுது. அவளுக்கும் நான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இன்று காலை வெர்னிடம் லவோனைப் பற்றிச் சொன்னது பொய் என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இதை ஏன்டா என்கிட்ட சொல்றே? போய் அவகிட்ட சொல்லு" என்றான். அதன் பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். லவோனிடம் என் மன்னிப்பைத் தெரிவி. இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டலாம், எனக்கு மறுப்பில்லை.

தக்காளிக்கு நேற்றிலிருந்து சாயங்காலத்தில்தான் ஊற்றுகிறேன். கீழ் இலைகள் சில கருகிவிட்டன. மற்றவை பிழைத்துவிடும் என்று தோன்றுகிறது.

முதல் கடிதத்தில் நீ திரும்பும் தேதியைக் கேட்டிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாள்காட்டியில் எதையும் எழுதவில்லை. நீ வருவதாக இருந்தால், எப்போது வந்தாலும், அந்த ஏரிக்கரை பெஞ்சுக்குப் போவோம். அதற்கு வரிசை கிடையாது. அதனால்தானோ என்னவோ, இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. போகலாம் என்று நீ முதல் முறை சொன்னவுடன் எழுந்துவிடுவேன்.

வறுவல் கடைக்காரரும் எத்தனை பேருக்கு என்று கேட்பார். அதற்குச் சரியான பதிலைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடு, நோரீன்.

வெட்கத்துடன்,
எல்டன்